பினாங்கு உணவு, ஒயின் விழா: ஜோடி பாஸ் வாங்குமுன் இதைப் படித்துவிடுங்கள்

பினாங்கில் வார இறுதியில் உணவு, ஒயின் விழா என்று போஸ்டர் பார்த்து ஜோடி பாஸ் எடுக்க நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏற்பாட்டாளர் பெயரைப் போடவில்லை. நாங்கள் வாங்கி ஏமாந்த விவகாரம் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் இருக்கிறது. பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, காசு எந்த எந்த இடத்தில் கழன்று போகிறது என்று தெரிந்தால் போதும்.

பாஸ் இரண்டு பேருக்கு 338 வெள்ளி (ரிங்கிட்). சனி, ஞாயிறு இரண்டு நாளும் நுழைவு, சுவைத்துப் பார்க்க 20 கூப்பன், ஞாயிறு இரவு மேசையில் உட்கார வைத்து ஐந்து வகை பரிமாறும் விருந்து, வீட்டுக்குக் கொண்டுபோக இரண்டு கண்ணாடிக் கிளாஸ், இரவு 11 மணி வரை ஜார்ஜ்டவுன் ஹோட்டல்களுக்கு வேன். போஸ்டரில் சார் குவேய் தியாவ் (பிரட்டிய தட்டை அரிசி நூடுல்ஸ்) வாணலியில் தீ பறக்கிறது, பக்கத்தில் அசாம் லக்சா, பசெம்பூர், வரிசையாக ஒயின் புட்டிகள். எங்கள் கல்யாண நாளும் அந்த வாரம்தான். கிள்ளானிலிருந்து காரில் போய், குடிக்கப் போகிறோம் என்பதால் காரை ஹோட்டலிலேயே விட்டுவிட்டோம். வேன்தான் இருக்கிறதே!

சனிக்கிழமை மாலை 5 மணிக்கே கண்ணாடிக் கிளாஸ் "முடிந்துவிட்டது". பிளாஸ்டிக் கப் கொடுத்தார்கள். சரி, கிளாஸ் போனால் போகட்டும் என்று உள்ளே போனோம்.

என் கணவர் கல்யாணத்துக்கு முன்னால் ஹோட்டல் பாரில் வேலை பார்த்தவர். முதல் கடையில் வெள்ளை ஒயின் புட்டியைத் தொட்டதுமே அவர் முகம் மாறியது. ஐஸ் வாளியில் தண்ணீர்கூட இல்லை. மேற்கு வெயில் நேராக மேசைமேல்.

"தம்பி, இது எப்போ தொறந்தது?"

"தெரியல அண்ணே, நான் நாலு மணிக்குத்தான் வந்தேன்."

"ஐஸ் எங்க?"

"ஆர்டர் பண்ணிருக்காங்க அண்ணே, இன்னும் வரல."

அந்தப் பையனைக் குறை சொல்ல முடியாது. அன்றைக்கு மட்டும் கூலிக்கு வந்தவன். ஆனால் கப்பில் ஊற்றியது பழுப்பேறி, மூக்கருகில் கொண்டுபோனதும் வினிகர் நெடி அடித்தது. வெள்ளை ஒயினை 8 முதல் 12 டிகிரி குளிர்ச்சியில் கொடுக்க வேண்டும். சிவப்புக்கு 15 முதல் 18 வரை. சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்கலாம் என்று சொல்வது குளிர் நாட்டு அறையை வைத்து. 30 டிகிரிக்கு மேல் கொதிக்கிற பினாங்கு கூடாரத்தை வைத்து அல்ல. திறந்த புட்டி இந்தச் சூட்டில் ஒரு நாள்கூடத் தாங்காது. திறக்காத புட்டிகளில் இரண்டில் தக்கை கழுத்துக்கு மேலே துருத்திக்கொண்டு நின்றதைக் கணவர் காட்டினார். உள்ளே இருப்பது சூட்டில் விரிந்து தக்கையைத் தள்ளியிருக்கிறது. அந்த ஒயின் திறக்கும் முன்பே கெட்டது.

இனி கணக்குக்கு வருவோம். ஒரு கூப்பன் 12 வெள்ளி. ஒரு கூப்பனுக்கு ஊற்றுவது 30 மில்லி. ஒரு புட்டி 750 மில்லி என்றால் 25 ஊற்று, அதாவது புட்டிக்கு 300 வெள்ளி. லேபிளைப் படம் பிடித்து வைத்தோம். சூப்பர்மார்க்கெட்டில் ஐம்பது, அறுபது வெள்ளிக்கு அடுக்கி வைத்திருக்கிற ரகம். கொஞ்சம் நல்ல புட்டி கேட்டால் "பிரீமியம், மூணு கூப்பன்". சாப்பாட்டுக்கும் கூப்பன்தான். கேட்டரிங் தட்டில் ஆறிப்போய்க் கிடந்த சார் குவேய் தியாவ் இரண்டு கூப்பன், 24 வெள்ளி. வெளியே கடையில் பத்து வெள்ளிக்குள் கண்ணெதிரே பிரட்டித் தருவார்கள். போஸ்டரில் பார்த்த தீயை நாங்கள் எங்கேயும் பார்க்கவில்லை.

கூப்பன் என்று வந்துவிட்டாலே கை தாராளமாகிவிடுகிறது. ரொக்கமாகக் கொடுப்பதாக இருந்தால் யாராவது அந்தத் தட்டுக்கு 24 வெள்ளி நீட்டுவார்களா? ஏற்பாட்டாளருக்கு இது நன்றாகத் தெரியும்.

கூப்பன் தீர்ந்ததும் இன்னும் கொஞ்சம் வாங்கப் போனோம். 100 வெள்ளிக்கு 116 என்ற கணக்கில் பில். பத்து விழுக்காடு சேவைக் கட்டணம், ஆறு விழுக்காடு சேவை வரி. சேவைக் கட்டணம் அரசாங்க வரி கிடையாது, கடைக்காரர் போடுவது. அதைப் பற்றி எந்தப் பலகையிலும் ஓர் எழுத்து இல்லை. உணவு, பானத்துக்கு சேவை வரி 6 விழுக்காடு என்பது சரிதான். 2024 மார்ச்சில் மற்ற பல சேவைகளுக்கு 8 ஆனபோதும் இதை ஏற்றவில்லை. ஆனால் சுங்கத்துறையில் பதிந்தவர்கள்தான் அதை வசூலிக்கலாம். உணவுத் தொழிலில் ஆண்டு விற்பனை 15 லட்சம் வெள்ளியைத் தாண்டினால் பதிய வேண்டும், பதிந்தவர் ரசீதில் அந்தப் பதிவு எண் இருக்கும். எங்கள் ரசீதில் இல்லை. கேட்டதற்கு, "அக்கா, எல்லாருக்கும் இப்படித்தான் வருது" என்றாள் கவுண்டரில் இருந்த பெண். சுங்கத்துறையின் மைஎஸ்எஸ்டி தளத்தில் நிறுவனப் பெயரைத் தட்டினால் பதிவு உண்டா இல்லையா என்று யாரும் பார்க்கலாம். நாங்கள் பார்த்தோம், அந்தப் பெயர் வரவில்லை.

இதைவிட மோசம், கைப்பேசியில் பணம் கட்டுகிற டூயிட்நவ் கியூஆர். ஸ்கேன் செய்ததும் திரையில் வந்தது நிறுவனப் பெயர் இல்லை, ஒரு தனி ஆளின் பெயர். அங்கேயே நிறுத்தி, கார்டு மெஷினைக் கொண்டுவரச் சொல்லி அதில் கட்டினோம். இந்த ஒன்றை மட்டும் எல்லாரும் செய்யுங்கள். தனி ஆள் கணக்குக்குப் போன பணத்தைத் துரத்துவது பெரும்பாடு. கார்டில் கட்டினால், சொன்ன சேவை கிடைக்கவில்லை என்று வங்கியிடம் எழுதிக் கேட்க வழி உண்டு.

இரவு பத்தரைக்கு வேனுக்குப் போய் நின்றோம். எங்களோடு ஈப்போவிலிருந்து வந்த ஒரு வயதான தம்பதியும் நின்றார்கள். வேன் வரவே இல்லை. கடைசியில் நாலு பேருமாக ஒரே கிராப் வாடகைக் காரில் போனோம். அந்த அம்மா வழி நெடுக, "பேசாம நாசி கண்டார் தின்னுட்டுப் படுத்திருக்கலாம்" என்று (கடையில் கிடைக்கிற கறிச்சோறுதான் அது) சொல்லிக்கொண்டே வந்தார்.

ஞாயிறு காலை லிட்டில் இந்தியாவில் தோசை தின்று பசியாறினோம், குவீன் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். 1833இல் எழுந்த கோயில், உள்ளே நல்ல குளிர்ச்சி. பாஸில் சேராத அந்தக் காலை நேரம்தான் எங்கள் கல்யாண நாள் கொண்டாட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரவு விருந்துக்குப் போனால் மேசையும் இல்லை, ஐந்து வகையும் இல்லை. "புஃபேயோட சேர்த்துட்டோம்" என்றார்கள். ஜில்லென்று சாத்தே, அதற்குத் தொட்டுக்கொள்ளும் கச்சான் (நிலக்கடலை) குழம்பு காலி, பிரியாணி அடியில் நாலு பருக்கை. மீதமிருந்த ஆறு கூப்பனைத் திருப்பிக் கொடுத்தால் காசு தர முடியாதாம். கூப்பனுக்குப் பின்பக்கம் எறும்பு எழுத்தில் போட்டிருக்கிறதாம். மேனேஜர் என்று ஒருவர் வந்து, அடுத்த விழாவுக்கு 50 வெள்ளி வவுச்சர் தருகிறேன் என்றார். என் கணவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை.

வாட்சாப்பில் கேட்டோம், பதில் வந்தது. மின்னஞ்சலில் கேட்டோம், பதில் நின்றது. அப்புறம் மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு போட்டோம். கட்டணம் 5 வெள்ளிதான், இணையத்திலேயே போடலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு பக்கமும் வழக்கறிஞர் வரக்கூடாது என்பது நமக்குப் பெரிய அனுகூலம். தீர்ப்பு வந்தபின் 14 நாளில் கட்டாவிட்டால் அது குற்றமாகிவிடும்.

மனுவில் எங்களுக்கு இடித்தது ஒரே இடம்தான்: யார்மீது போடுவது? போஸ்டரில் ஒரு பெயர், ரசீதில் வேறு பெயர், கியூஆரில் மூன்றாவது பெயர். நிறுவனத்தின் பதிவு எண்ணும் முகவரியும் இல்லாமல் மனு நகராது. ரசீதில் இருந்த பெயரை நிறுவனங்களைப் பதிவு செய்யும் ஆணையமான எஸ்எஸ்எம் தளத்தில் தேடி எண்ணைப் பிடித்தோம். பாஸ் வாங்கும் முன்னால் இந்தத் தேடலைச் செய்தால் ஐந்து நிமிட வேலை. பெயர் கிடைக்கவில்லை என்றால் வாங்காதீர்கள்.

போஸ்டரையும் விற்பனைப் பக்கத்தையும் முன்கூட்டியே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விழா முடிந்த மறுநாள் "ஐந்து வகை விருந்து" என்ற வரியை அவர்கள் எடுத்துவிட்டார்கள். எங்களிடம் பழைய படம் இருந்ததால் மனுவோடு இணைக்க முடிந்தது. கார்டில் கட்டிய பணம் பற்றி வங்கியும் அவர்களிடம் விளக்கம் கேட்டு எழுதியிருக்கிறது. விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை.

அதே பாஸை வாங்கியவர்கள் ரசீதையும் மிச்சக் கூப்பனையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மனு போட மூன்று ஆண்டுவரை அவகாசம் இருக்கிறது.