ஆஞ்சைனா மருந்துகள்: எது யாருக்குப் பொருந்தும்?

மாடிப்படி ஏறும்போது நெஞ்சை அழுத்திப் பிடித்து, நின்று ஓய்வெடுத்த சில நிமிடங்களில் விலகிவிடும் வலியை ஆஞ்சைனா என்கிறோம். இதயத் தசைக்குத் தேவைப்படும் ஆக்சிஜனை, கொழுப்புப் படிந்து குறுகிய இதயத் தமனியால் கொடுக்க முடியாதபோது இந்த வலி எழுகிறது. இதயத்தின் வேலையைக் குறைப்பது, அதற்குப் போகும் ரத்தத்தைக் கூட்டுவது என்ற இரண்டு வழிகளில்தான் பெரும்பாலான மருந்துகள் இயங்குகின்றன. அன்றாடம் எடுக்கும் முதல் வரிசை மருந்துகளுக்கிடையே வலியைத் தடுக்கும் திறனில் பெரிய வித்தியாசம் இல்லை என்பதால், நோயாளியின் உடல் எந்தப் பக்கவிளைவைத் தாங்கும் என்பதை வைத்தே தேர்வு அமைய வேண்டும் என்று கருதுகிறேன்.

வலி வந்த கணத்தில் உதவுவதில் நைட்ரோகிளிசரினுக்குப் போட்டியே இல்லை. 1879-இல் ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் முரெல் ஆஞ்சைனாவுக்கு இதைப் பரிந்துரைத்து எழுதினார். இன்றும் நாக்குக்கு அடியில் வைத்தால் ஓரிரு நிமிடங்களில் வேலை செய்கிறது. நைட்ரிக் ஆக்சைடை வெளியிட்டுச் சிரைகளைத் தளர்த்துவதால், இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து அதன் சுமை இறங்குகிறது. ரத்த அழுத்தமும் சட்டென்று இறங்குவதால், நின்றபடி வைத்துக்கொண்டவர் மயங்கி விழக்கூடும். உட்கார்ந்து வைத்துக்கொள்வதே சரி. ஐந்து நிமிடத்தில் வலி தணியாவிட்டால் அது மாரடைப்பாக இருக்கலாம் என்று கருதி அவசர உதவியை அழைக்க வேண்டும். ஆண்களின் விறைப்புக் குறைவுக்கான சில்டெனாஃபில் எடுத்த 24 மணி நேரத்துக்குள்ளும், டடாலாஃபில் எடுத்த 48 மணி நேரத்துக்குள்ளும் நைட்ரேட் (நைட்ரோகிளிசரின் சேர்ந்த மருந்து வகை) கூடவே கூடாது. இதை மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்படுவது உயிருக்கே ஆபத்து. நீண்ட நேரம் வேலை செய்யும் நைட்ரேட் மாத்திரைகளுக்குத் தலைவலியோடு இன்னொரு குறையும் உண்டு: நாளில் சுமார் 10 மணி நேரமாவது உடலில் மருந்து குறைந்திருக்காவிட்டால் அதன் பலன் மங்கிவிடும்.

உண்மையான போட்டி பீட்டா தடுப்பான்களுக்கும் கால்சியம் சேனல் தடுப்பான்களுக்கும் இடையில்தான். மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால் போன்ற பீட்டா தடுப்பான்கள் நாடித்துடிப்பைக் குறைக்கின்றன. இதயத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் அது விரிந்து ஓய்வெடுக்கும் இடைவெளியில்தான் பாய்கிறது. துடிப்பு குறையும்போது அந்த இடைவெளி நீள்வதால், தேவை இறங்கும் அதே வேளையில் வரத்தும் கூடுகிறது. இதற்கு விலையாகச் சோர்வும், கைகால் குளிர்ச்சியும், சில ஆண்களுக்கு விறைப்புக் குறைவும் வரலாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுக்குழல் சுருங்கும் அபாயம் உண்டு. இன்சுலின் போடுபவருக்குச் சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம், ஆனால் வியர்வை மட்டும் கொட்டும். அதையே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும். திடீரென்று நிறுத்தினால் ஆஞ்சைனா முன்னைவிடக் கடுமையாகத் திரும்பக்கூடும்.

ஆஸ்துமா உள்ளவருக்கும், தமனி தானாகவே இறுகிச் சுருங்குவதால் ஓய்வில் வலி வருபவருக்கும் கால்சியம் தடுப்பானே பொருத்தம். இந்த வகையிலும் இரு பிரிவுகள் உள்ளன. அம்லோடிபின் தமனிகளைத் தளர்த்துகிறது. அதன் தொல்லை கணுக்கால் வீக்கம். மாலையில் காலுறையைக் கழற்றும்போது பதிந்த தடம் மறையாமல் நிற்கும். சிரைகளைவிடச் சிறு தமனிகள் அதிகம் விரிவதால் நீர் திசுக்களுக்குள் கசிகிறதே தவிர, உடலில் உப்பு தேங்குவதால் அல்ல. எனவே சிறுநீர் பெருக்கும் மாத்திரை இதற்கு அதிகம் உதவாது, அம்லோடிபினின் அளவைக் குறைப்பதே பலன் தரும். வெராபமிலும் டில்டியாசமும் நாடித்துடிப்பையும் குறைப்பவை. வெராபமில் கடும் மலச்சிக்கல் தரும். அதைப் பீட்டா தடுப்பானோடு சேர்த்தால் துடிப்பு ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். அம்லோடிபினைப் பீட்டா தடுப்பானோடு சேர்ப்பதோ வழக்கமான, நல்ல இணை.

இவை போதாதபோது வருபவை இரண்டாம் வரிசை மருந்துகள். ஐவாப்ரடின் இதயத் துடிப்பைத் தொடங்கிவைக்கும் இயல்பான முனையை மட்டும் மெதுவாக்குகிறது. வெளிச்சம் சட்டென்று மாறும்போது கண்முன் ஒளித்திட்டுகள் தோன்றலாம். ரனோலசின் நாடியையும் அழுத்தத்தையும் பெரிதாகத் தொடாததால், இரண்டும் ஏற்கெனவே தாழ்ந்திருப்பவருக்கு ஏற்றது. ஆனால் தலைசுற்றல் தரலாம், இசிஜியில் கியூடி இடைவெளியையும் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயக் கீழறைகள் மின்னளவில் தூண்டப்பட்டு மீள எடுக்கும் நேரம்) நீட்டும். நிகோரண்டில் வாயிலும் ஆசனவாயிலும் ஆறாத புண்களை உண்டாக்கக்கூடும்; மருந்தை நிறுத்தாமல் அவை ஆறுவதில்லை.