சத்துவாச்சாரியில் 2 நாள் குவாண்டம் டாட் ஃபில்டர் வகுப்பு: காசுக்குத் தகுமா?

எனக்குக் கடைசி வருட இசிஇ (எலக்ட்ரானிக்ஸ் படிப்பு), புராஜெக்ட் டிஜிட்டல் ஃபில்டர், அதாவது சிக்னலில் வேண்டாததை வடிகட்டும் சர்க்யூட். சத்துவாச்சாரியில் ஒரு பயிற்சி மையம் சனி, ஞாயிறு நடத்திய வகுப்புக்கு 1,500 ரூபாய் கட்டிப் போய் வந்தேன். நோட்டீஸில் 'குவாண்டம் டாட் ஃபில்டர் டிசைன்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். ஃபில்டர் பேச்சு வந்தது ஞாயிறு மாலை நாலரைக்கு.

ஆனால் முதல் நாளைக் குறை சொல்ல மாட்டேன். சார் மேஜைமேல் சாக்பீஸால் சதுரம் போட்டு (இது ஒரு செல்), நாலு மூலையிலும் பல்லாங்குழி மாதிரி வட்டம் போட்டு (இவை குவாண்டம் டாட், எலக்ட்ரான் உட்காரும் குழி), இரண்டு புளியங்கொட்டையைக் கையில் கொடுத்தார். இதுதான் எலக்ட்ரான், ஒன்றையொன்று தள்ளும், எங்கே உட்காரும்? எதிரெதிர் மூலையில்தான். அதற்கு இரண்டே வழி, ஒன்று 0, மற்றது 1. கம்பியில் கரண்ட் ஓடுவதே இல்லை, பக்கத்து செல்லைப் பார்த்து இந்த செல் திரும்பிக்கொள்கிறது. இந்த முறைக்குக் குவாண்டம் டாட் செல்லுலார் ஆட்டோமேட்டா, சுருக்கமாக கியூசிஏ என்று பெயர்; 1993-ல் அமெரிக்காவின் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் கிரெய்க் லென்ட் குழு முன்வைத்தது. ஐந்து செல்லைக் கூட்டல் குறி மாதிரி வைத்தால் மெஜாரிட்டி கேட்: மூன்று இன்புட்டில் இரண்டு சொல்வதுதான் தீர்ப்பு. அப்படி மூன்று கேட்டும், 0-வை 1 ஆகவும் 1-ஐ 0 ஆகவும் திருப்பும் இன்வெர்ட்டர் இரண்டும் போட்டால் ஃபுல் ஆடர், அதாவது மூன்று பிட்டைக் கூட்டும் சர்க்யூட். மதியத்துக்குள் கியூசிஏ டிசைனர் என்ற சாஃப்ட்வேரில் வரைந்துவிட்டேன். (மதியம் கொடுத்த பிரியாணி... ஆம்பூரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இப்படிச் செய்ய மனசு எப்படி வருகிறதோ.)

ஞாயிறு காலை என் ஆடரில் விடை தப்பாக வந்தது. சார் திரையில் விரல் வைத்து பச்சை, ஊதா, நீலம், வெள்ளை என்று கிளாக் ஸோன்களை (செல்கள் முறை வைத்துத் திரும்பும் பகுதிகளை) எண்ணினார், ஒரு கிளையில் ஒரு ஸோன் கூடுதல். நாலு ஸோன் தாண்டினால் ஒரு கிளாக் தாமதம், ஆக ஃபில்டரில் பழைய சாம்பிளை (சிக்னலின் முந்தைய மதிப்பை) பிடித்து வைக்கத் தனியாக ஃபிளிப்ஃபிளாப் என்ற நினைவு சர்க்யூட் வேண்டாம், வயரின் நீளமே அந்த வேலையைச் செய்யும், ஆனால் அதே காரணத்தால் எல்லாக் கிளையும் ஒரே நேரத்தில் வந்து சேராவிட்டால் மொத்தமும் குளறுபடி. இந்த ஒரு விஷயத்துக்கே பாதிக் காசு தகும்.

அப்புறம்தான் ஏமாற்றம். செய்து வைத்த 4 டேப் ஃபில்டர் (கடைசி நாலு சாம்பிளையும் ஆளுக்கொரு குணகத்தால் பெருக்கிக் கூட்டுவது) ஃபைலைப் பென் டிரைவில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். குணகங்கள் சமச்சீராக இருந்தால் ஜோடி ஜோடியாக முதலில் கூட்டிவிட்டுப் பெருக்கலாம், பெருக்கிகள் பாதியாகும், அதுகூடச் சொல்லவில்லை. டிசைனை சாஃப்ட்வேர் ஓட்டிச் சோதிக்கும் கோஹெரன்ஸ் வெக்டர் முறையின் செட்டிங்கில் வெப்பநிலை 1 கெல்வின், அதாவது மைனஸ் 272 டிகிரி என்றிருந்ததை நானாகப் பார்த்துத்தான் கேட்டேன். வேலூர் வெயிலில், ஏசி ஓடாத ஹாலில் உட்கார்ந்துகொண்டு!

ஆடர் வரை கற்க வேண்டுமானால் தாராளமாகப் போகலாம். ஃபில்டர்தான் வேண்டும் என்றால் எத்தனை மணி நேரம் அதற்கு என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். சண்டை போட்டதில், அடுத்த பேட்ச்சில் அந்தப் பகுதிக்கு மட்டும் சும்மா வந்து உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். போவேன், சாப்பாட்டை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு.