ஹாரிஸ் கவுன்ட்டில வீடு: வெள்ள இன்ஷூரன்ஸ் கவர்மென்ட்டா, பிரைவேட்டா, எடுக்கவே வேணாமா?

2025 மே மாசம் என் கவர்மென்ட் வெள்ள பாலிசிக்கு ரின்யூவல் பேப்பர் வந்துச்சு, 961 டாலர். அதே வாரம் ஒரு ஏஜென்ட் பிரைவேட் பாலிசிக்கு கோட் (எவ்ளோ ஆகும்ங்கற விலை) அனுப்பினார், 640. ரெண்டையும் டைனிங் டேபிள்ல வெச்சிட்டு நானும் வீட்டுக்காரியும் ரெண்டு நாள் மல்லுக்கட்டினோம். கடைசில 961ஐயே கட்டினேன். ஹூஸ்டன் பக்கம் புதுசா வீடு வாங்கற நம்மாளுங்க பார்க்கற இடத்துல எல்லாம் இதையே கேக்கறாங்க, அதான் மொத்தமா எழுதிடலாம்னு.

எங்க வீடு ஹூஸ்டன் இருக்கற ஹாரிஸ் கவுன்ட்டியோட வடமேற்குல, சைப்ரஸ் க்ரீக்ங்கற ஓடைல இருந்து கொஞ்சம் தள்ளி. ஃபீமா (அமெரிக்க கவர்மென்ட்டோட பேரிடர் உதவி ஏஜென்சி) மேப்ல ஷேடட் எக்ஸ் ஸோன், அதாவது நூறு வருஷ வெள்ளக் கோட்டுக்கு வெளிய, ஐநூறு வருஷக் கோட்டுக்கு உள்ள. இதனால வெள்ள இன்ஷூரன்ஸ் எடுக்கணும்னு சட்டப்படி கட்டாயமில்ல, லோன் குடுத்தவனும் கேக்கல.

அதனால "எடுக்கவே வேணாம்"ங்கறத முதல்ல முடிச்சிடறேன். சாதா ஹோம் இன்ஷூரன்ஸ்ல வெள்ளம் வராது, அவ்ளோதான், அதுல பேச ஒண்ணுமில்ல. ஹார்வி புயல் 2017 ஆகஸ்ட்ல வந்தப்போ இந்த ஒரு கவுன்ட்டில மட்டும் ஒன்றரை லட்சம் வீட்டுக்கு மேல தண்ணி புகுந்துச்சு, அதுல மூணுல ரெண்டு பங்கு நூறு வருஷக் கோட்டுக்கு வெளிய இருந்த வீடுங்க, என்ன மாதிரியே "நமக்குதான் கட்டாயமில்லயே"ன்னு இருந்தவங்க. அந்தக் கோடு போட்டதே ஹூஸ்டன்ல நூறு வருஷ மழைன்னா 24 மணி நேரத்துல 13 இன்ச்ங்கற பழைய கணக்க வெச்சு, 2018ல நோவா (அமெரிக்க வானிலை, கடல் ஆய்வு ஏஜென்சி) அத திருத்தி 17, 18 இன்ச்சுக்கு ஏத்திடுச்சு. கவர்மென்ட் உதவி வரும்னு சிலர் சொல்வாங்க. ஹார்வி சமயத்துல ஃபீமா நேரடியா குடுக்கற பணத்துக்கு உச்சவரம்பே 33,300 டாலர், அதுவும் எல்லாருக்கும் முழுசா கிடைக்காது. மிச்சத்துக்கு லோன் தருவாங்க, அத நாமதான் கட்டணும்.

இன்னொண்ணு, நூறு வருஷ வெள்ளம்னா நூறு வருஷத்துக்கு ஒரு தடவ வர்றதுன்னு அர்த்தமில்ல. ஒவ்வொரு வருஷமும் 1 சதவீத வாய்ப்பு, 30 வருஷ லோன் முடியறதுக்குள்ள பார்த்தா 26 சதவீதம். ஹூஸ்டன் தென்மேற்குல மேயர்லேண்ட் பக்கம் 2015, 2016, 2017ன்னு வரிசையா மூணு வருஷம் தண்ணி பார்த்த வீடுங்க இருக்கு.

சரி, பிரைவேட். நியாயமா சொல்லணும்னா காகிதத்துல பிரைவேட்தான் நல்ல பாலிசி. கவர்மென்ட் பாலிசி, அதான் என்எஃப்ஐபி, வீட்டுக்கு 2,50,000, பொருளுக்கு 1,00,000, அதுக்கு மேல ஒரு டாலர் கிடையாது. இன்னிக்கு இங்க சுமாரான வீட்ட திருப்பி கட்டவே அதுக்கு மேல ஆகும். பொருளுக்கு தேய்மானம் கழிச்சுதான் தருவாங்க, ஏழு வருஷ சோஃபாவுக்கு ஏழு வருஷ சோஃபா விலைதான். பெரிய ஓட்டை என்னன்னா வெளிய தங்கற செலவுக்கு காசு கிடையாது. ஆபீஸ்ல ஒருத்தர் ஹார்விக்கு அப்புறம் எட்டு மாசம் அபார்ட்மென்ட் வாடகையும் கட்டி, உள்ள இருக்க முடியாத வீட்டுக்கு மார்ட்கேஜும் கட்டினார். எனக்கு வந்த பிரைவேட் கோட்ல 4,00,000 கவரேஜ், புது பொருள் விலை, ஹோட்டல் செலவு எல்லாம் இருந்துச்சு, பாலிசி அமலுக்கு வர்ற வெயிட்டிங் பீரியடும் கம்மி. கவர்மென்ட்ல 30 நாள்.

அப்புறம் ஏன் போகல? ரெண்டு விஷயம், ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பின்னினது.

2023ல வீடு வாங்கினப்போ புது பாலிசிக்கு என்எஃப்ஐபி கோட் 2,400 வந்துச்சு. பழைய ஓனர் கட்டிட்டிருந்தது 690. கவர்மென்ட் பாலிசிய வீட்டோட சேர்த்து வாங்கறவர் பேருக்கு மாத்தலாம்னு எங்க ஏஜென்ட் சொல்லிதான் தெரிஞ்சுது, க்ளோஸிங்ல, அதான் வீடு கைமாறுற அன்னிக்கு, ஒரு கையெழுத்து, அவ்ளோதான். ரிஸ்க் ரேட்டிங் 2.0ன்னு 2021ல புது கணக்கு கொண்டுவந்தாங்க, அதுப்படி என் வீட்டு பாலிசியோட முழு விலை வருஷத்துக்கு 2,400. ஆனா பழைய பாலிசிய விடாம வெச்சிருந்தா வருஷத்துக்கு 18 சதவீதத்துக்கு மேல ஏத்தக்கூடாதுன்னு சட்டம், குடியிருக்கற சொந்த வீட்டுக்கு. அதான் 690, அப்புறம் 814, 2025ல 961. இந்த வேகத்துல 2,400 தொட 2031 ஆயிடும். நடுவுல பிரைவேட்டுக்கு போயிட்டு திரும்பி வந்தா இந்த சலுகை போச்சு, நேரா முழு விலைதான்.

"அதான் பிரைவேட்லயே இருந்துடலாமே"ன்னு கேப்பீங்க. நானும் அததான் கேட்டேன். மூணு வருஷம் பிரைவேட்ல இருந்தா எனக்கு 1,500 டாலர் மிச்சம், அதுவும் அவன் 640ஐ ஏத்தவே மாட்டான்னு தாராளமா வெச்சிக்கிட்டா. நாலாவது வருஷம் அவன் கழட்டிவிட்டா திரும்பி வந்து 2031 வரைக்கும் கூடுதலா கட்டறது ஏறக்குறைய அதே 1,500. ஆக காசு கணக்குல சமம். கழட்டிவிடுவானாங்கறதுதான் கேள்வி.

பின் தெருவுல ஒரு அண்ணா வீட்டுக்கு தண்ணியும் வரல, அவர் கிளெய்மும் பண்ணல. ஆனா அவரோட பிரைவேட் கம்பெனி இந்த ஜிப் கோடுல பாலிசிங்க எண்ணிக்கைய குறைக்கறோம், உங்களத புதுப்பிக்க மாட்டோம்னு மே கடைசில லெட்டர் போட்டுச்சு. ஜூன் 1 ஹரிக்கேன் சீஸன் ஆரம்பம். கவர்மென்ட்ல போட்டா 30 நாள் காத்திருக்கணும். பழைய பாலிசி முடிஞ்சதுக்கும் புதுசு ஆரம்பிச்சதுக்கும் நடுவுல கொஞ்ச நாள் அந்த வீட்டுக்கு ஒண்ணுமே இல்ல, மனுஷன் ஃபோன்ல ரேடாரையே பார்த்துட்டு இருந்தார். வெள்ளம் வந்து ஒரு தடவ கிளெய்ம் பண்ணிட்டா பிரைவேட் நம்மள வெச்சிக்கணும்னு கட்டாயம் எதுவுமில்ல. கவர்மென்ட் அப்படி கழட்டிவிடாது, மூணு தடவ மூழ்கின வீட்டுக்கும் பாலிசி உண்டு. டெக்ஸாஸ்ல நிறைய பிரைவேட் வெள்ள பாலிசி ஸர்ப்ளஸ் லைன்ஸ் கம்பெனிங்க (ஸ்டேட் லைசன்ஸ் இல்லாம, தனி அனுமதில விக்கறவங்க) எழுதறது, அவன் திவாலானா ஸ்டேட் கேரன்ட்டி ஃபண்டும் காப்பாத்தாது.

விக்கறப்பவும் இது உதவும். 2019ல இருந்து டெக்ஸாஸ்ல விக்கறவர் பழைய வெள்ளம், ஃப்ளட்ப்ளெயின் (வெள்ள அபாயப் பகுதி), இன்ஷூரன்ஸ் எல்லாத்தையும் எழுதிக் குடுக்கணும், அதனால வாங்க வர்றவன் முதல்ல கேக்கறதே பிரீமியம் எவ்ளோன்னுதான். 2,400ன்னு சொல்றதுக்கும் என் பாலிசிய அப்படியே எடுத்துக்கோங்கன்னு சொல்றதுக்கும் எவ்ளோ வித்தியாசம்!

கவர்மென்ட் பக்கம் தலைவலி இல்லாம இல்ல. காங்கிரஸ் துண்டு துண்டா நீட்டிக்கற திட்டம் இது, 2025 அக்டோபர் 1ல இருந்து நவம்பர் 12 வரைக்கும் அனுமதி முடிஞ்சுபோய் புது பாலிசியே எழுத முடியல, வீடு க்ளோஸ் பண்ண இருந்தவங்க மாட்டிக்கிட்டாங்க. கிளெய்ம் அனுபவம் எனக்கு இல்ல, வராமயே இருக்கட்டும். வெள்ளம் வந்தா 60 நாளுக்குள்ள ப்ரூஃப் ஆஃப் லாஸ் (என்னென்ன போச்சுங்கற நஷ்டக் கணக்கு) குடுக்கணும்ங்கறதால வீட்டுல ஒவ்வொரு ரூமையும் வீடியோ எடுத்து க்ளவுட்ல போட்டு வெச்சிருக்கேன்.

நீங்க புதுசா வாங்கறீங்க, விக்கறவர்கிட்ட பழைய பாலிசி இல்ல, கவர்மென்ட் கோட் முழு விலைக்கு வருதுன்னா இழக்கறதுக்கு சலுகையே இல்ல, அப்போ பிரைவேட்ட தாராளமா பாருங்க, நானா இருந்தாலும் பார்ப்பேன். விக்கறவர்கிட்ட பாலிசி இருக்கான்னு ஆப்ஷன் பீரியட்லயே (ஒப்பந்தம் போட்டப்புறம் வேணாம்னா விலகிக்கக் குடுக்கற சில நாள்) கேட்டுடுங்க. எனக்கு அந்த 2,50,000 பத்தாது, அதனால அதுக்கு மேல மட்டும் குடுக்கற எக்ஸெஸ் பாலிசிக்கு ரெண்டு இடத்துல கோட் கேட்டிருக்கேன், இன்னும் வரல.