சாஃப்ட்னரா, மழைத் தொட்டியா?

கொடைக்கானல் மலையில், தாண்டிக்குடி பக்கம் எங்கள் வீட்டு போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. கீசர் காயிலைக் கழற்றினால் முட்டை ஓடு மாதிரி வெள்ளையாக உப்பு உரியும். சரி, என்ன செய்யலாம்?

சாஃப்ட்னர் என்பது கடின நீரை மென்னீராக்கும் கருவி. அதற்குள் இருக்கும் ரெசின் மணிகள், தண்ணீரைக் கடினமாக்கும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். மணிகள் களைத்ததும் உப்புக் கரைசலால் கழுவ வேண்டும். கல் உப்பு மூட்டையை மேட்டு வீட்டுக்குச் சுமப்பது யார் என்பது தனிக் கேள்வி! தண்ணீரில் இரும்பு இருந்தால் ரெசின் சீக்கிரம் கெடும். கழுவிய உப்புநீர் காப்பிச் செடிப் பக்கம் போகவே கூடாது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் குடிக்க வேறு தண்ணீர் வைத்துக்கொள்வது நல்லது.

மழைநீரில் கடினத்தன்மை கிட்டத்தட்ட இல்லை. 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் பெய்தாலே 1,000 லிட்டர். சேதாரம் போக 800 தேறும். முதல் மழையை வெளியே விட்டுவிட வேண்டும், குடிப்பதானால் கொதிக்க வைக்க வேண்டும். ஆனால் ஐப்பசியில் பிடித்த மழைநீர் பங்குனி வரை தாங்காது.

நான் கீசருக்கும் துணிக்கும் தொட்டித் தண்ணீர்தான் விடுகிறேன். தொட்டி வற்றும் கோடையில் மட்டும் சிறிய சாஃப்ட்னர். தோட்டத்துக்கு அதே போர் தண்ணீர், செடி ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.