லிஃப்ட் வண்டிக்கு ஷாக் மாற்றப் போய், என் பழைய ஷாக்கையே காசு கொடுத்து வாங்கி வந்தேன்

வடசென்னையில் பட்டை (பாரம் தாங்கும் வளைந்த ஸ்பிரிங் தகடு) ஏற்றி உயரம் தூக்கிய ஃபோர் வீல் டிரைவ் வேன், ஜீப் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். 20,500 ரூபாய் கொடுத்து நாலு ஷாக் அப்சார்பர் மாட்டினேன். அதில் இரண்டு என்னுடையதே.

என்னுடையது பழைய மஹிந்திரா. முன்னும் பின்னும் கமான் பட்டைதான், காயில் ஸ்பிரிங் கிடையாது. வாரத்தில் நாலு நாள் விடியற்காலையில் பழவேற்காடு போய் நண்டும் இறாலும் ஏற்றிக்கொண்டு காசிமேடு வருவேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் நின்ற தண்ணீர் வண்டியின் சீட்டு வரைக்கும் ஏறிவிட்டது. அதற்கு அப்புறம்தான் கூடுதலாகப் பட்டை சேர்த்து, ஷேக்கிளை (பட்டையின் முனையை வண்டியோடு இணைக்கும் துண்டு) நீளமாக்கி, இரண்டரை அங்குலம் தூக்கினேன். (கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு குறுக்கே வரும் என்பது தெரியும். அது வேறு பஞ்சாயத்து, இங்கே வேண்டாம்.)

தூக்கியபோது ஷாக்கை மாற்றவில்லை. அது என் தப்பு. பட்டைதான் பாரம் தாங்குகிறது, ஷாக் என்ன செய்யப்போகிறது என்று விட்டுவிட்டேன். பட்டை பாரம் தாங்கும், சரி. ஆனால் பள்ளத்தில் விழுந்த பட்டை ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஷாக்தான். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் போகும்போது ஒரு பள்ளத்துக்கு மூன்று தடவை வண்டி குதிக்க ஆரம்பித்தது. குனிந்து பார்த்தால் பின் இடது ஷாக்கில் எண்ணெய் கசிந்து, மண் ஒட்டி, களிம்பு மாதிரி இருந்தது.

தெரிந்தவர் ஒருவர் மாதவரம் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பைச் சொன்னார். பெயர் போடவில்லை, கேட்காதீர்கள். பையன் நன்றாகப் பேசினான். "அண்ணே, லிஃப்ட் வண்டிக்குன்னே தனியா வர்ற கேஸ் ஷாக் இருக்கு. ஒண்ணு நாலாயிரத்து ஐநூறு. கூலி ரெண்டாயிரத்து ஐநூறு. ரெண்டு மணி நேரத்துல எடுத்துட்டுப் போயிடலாம்." பில் கேட்டேன். "ஜிஎஸ்டி பில்லுன்னா 18 சதவீதம் ஏறும்ணே, எதுக்கு வீணா?" என்றான். அந்த 18 சதவீதம் மிச்சம் என்று நினைத்துக்கொண்டு ஜிபேயில் பணத்தை அனுப்பினேன். காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்கு எழுதிக் கொடுத்தான்.

அப்புறம் நான் செய்ததுதான் பெரிய முட்டாள்தனம். வண்டியை ஜாக்கியில் ஏற்றியதும் டீ குடிக்கப் போய்விட்டேன். டீ, பேப்பர், ஒரு போன். திரும்பி வந்தபோது நாலும் மாட்டியாகிவிட்டது. கறுப்புப் பெயின்ட், சிவப்பு ஸ்டிக்கர், பளபளவென்று இருந்தது. "பழசு எங்கப்பா?" என்றேன். "இப்பத்தாண்ணே இரும்புக்காரன் வந்து எடுத்துட்டுப் போனான்."

மூன்றாவது நாளே சத்தம் வந்தது. பள்ளத்தில் இறங்கும்போது இல்லை, ஏறி வெளியே வந்து சக்கரம் தொங்கும் நேரத்தில் 'டொக்'. போன் செய்தேன். "லிஃப்ட் வண்டின்னா அப்படித்தாண்ணே இருக்கும், புஷ் செட் ஆகணும்." புஷ் என்பது ஷாக்கின் வளையத்துக்குள் இருக்கும் ரப்பர். செட் ஆகட்டும் என்று இருந்தேன். இரண்டாவது வாரம் பழவேற்காட்டு மணல் பாதையில், ஐஸ் பெட்டியெல்லாம் ஏற்றியிருந்த நேரத்தில், பின் வலது ஷாக்கின் மேல் வளையம் பிய்ந்து ஷாக் தரையில் இழுபட்டது. கயிற்றால் கட்டி ஓட்டிக்கொண்டு வந்தேன். அன்றைக்கு நண்டு என்ன விலைக்குப் போயிற்று என்று சொல்லி உங்களை அழ வைக்க விரும்பவில்லை.

வியாசர்பாடியில் லாரி வேலை பார்க்கும் ஒரு பாய் இருக்கிறார். நாற்பது வருஷ கை. அவரிடம் கொண்டுபோனேன். அவர் சேஸிஸுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துப் பின்பக்கத்தைத் தூக்கினார். இடது பக்கம் டயர் தரையை விட்டதும், என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு ஷாக்கின் கீழ் போல்ட்டைத் தட்டி எடுத்தார். போல்ட் வெளியே வந்த அந்த நொடியில் ஆக்சில் 'டொப்' என்று கீழே இறங்கியது. "பாத்தியா? பட்டை இன்னும் எறங்க ரெடியா இருக்கு, ஷாக்கு இழுத்துப் புடிச்சிக்கினு இருந்துச்சு" என்றார். டேப் வைத்து அளந்தார். மேல் போல்ட்டிலிருந்து கீழ் போல்ட் வரை 22 அங்குலம். ஷாக்கை முழுக்க விரித்தால் பத்தொன்பதரை. சாதா வண்டி ஷாக். ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரத்தின் பாரம் முழுக்க அந்த வளையத்தில் தொங்கியிருக்கிறது. வேறு என்ன ஆகும், பிய்யத்தான் செய்யும்.

அடுத்து ஷாக்கைத் தரையில் நிறுத்தி அமுக்கினார். உள்ளே போன ராடு அப்படியே நின்றது. கேஸ் ஷாக் (எண்ணெயோடு வாயுவும் அழுத்தி அடைத்தது) என்றால் கையை எடுத்ததும் மெதுவாகத் தானாக மேலே வரவேண்டுமாம். இது எண்ணெய் ஷாக், அதுவும் தேய்ந்தது. ரப்பர் புஷ் மேலேயும் கறுப்புப் பெயின்ட் தெறித்திருந்தது. புது ஷாக்கில் ரப்பருக்கு யார் பெயின்ட் அடிப்பார்கள்? கட்டை விரல் நகத்தால் சிவப்பு ஸ்டிக்கரை உரித்தேன். அடியில் ஒரு சொட்டை.

அந்தச் சொட்டையை எனக்குத் தெரியும். போன வருஷம் பழவேற்காட்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது பின் இடது ஷாக் ஒரு கல்லில் இடித்தது. விரல் நுனி உட்காரும் அளவு குழி, பக்கத்தில் நீளமாக ஒரு கீறல். இரும்புக்காரன் எடுத்துப் போனதாகச் சொன்ன என் ஷாக், மண்ணெண்ணெயில் குளித்து, பெயின்ட் பூசி, ஸ்டிக்கரை அந்தக் குழிக்கு நேராக ஒட்டிக்கொண்டு, நாலாயிரத்து ஐநூறுக்கு என்னிடமே திரும்பி வந்திருக்கிறது. நான் டீக்கடையில் இருந்த நேரத்தில் இத்தனையும் நடந்திருக்கிறது. பின் வலதும் அதே கதைதான். முன்பக்கம் இரண்டு மட்டும் புதுசு, அதுவும் சாதா நீளம்.

பாய் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், லிஃப்ட் வண்டிக்காரர்களுக்கு உதவும். சக்கரத்தைத் தொங்கவிட்டு ஒரு அளவு, பாரம் ஏற்றிப் பட்டை ரப்பர் ஸ்டாப்பரில் உட்காரும்போது ஒரு அளவு. விரித்த ஷாக் முதல் அளவைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்கவேண்டும், மடக்கிய ஷாக் இரண்டாவது அளவைவிடக் குட்டையாக இருக்கவேண்டும். நீளமாக இருந்தால் போதும் என்று வாங்கினால் அது மடங்க இடமில்லாமல் அடிவாங்கும். ஷாக்கைக் கழற்றித் தொங்கவிட்டபோது என் பிரேக் ஹோஸும் விறைத்துக்கொண்டு நின்றது. அதையும் நீளமாக மாற்றினார். வளையத்து போல்ட்டைக் கடைசியாக முறுக்குவது சக்கரம் தரையில் நிற்கும்போதுதான். தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும்.

புது ஷாக்கை ஜி.பி. ரோட்டில் பில்லோடு வாங்கி வந்தேன். பாய் மாட்டி முடிக்கும்வரை ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். டீ அங்கேயே வந்தது.

மாதவரம் பையனிடம் போனேன். முதலில் "சான்ஸே இல்லண்ணே" என்றான். சொட்டையைக் காட்டியதும் "வேலைக்காரப் பையன் மாத்தி மாட்டிட்டாண்ணே" என்றான். கடைசியில் 6,000 ரூபாய் அனுப்பினான். மீதி வரவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். பில் இல்லை, ஆனால் ஜிபேயில் பணம் போன கணக்கு இருக்கிறது, அவன் கையெழுத்தில் காலண்டர் தாள் இருக்கிறது, ஷாக்கின் படங்கள் இருக்கின்றன. சரிப்படவில்லை என்றால் வடசென்னை நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருக்கிறேன்.

அந்த 6,000 அனுப்பிய அன்று அவன் கேட்டதுதான் இன்னும் மனசில் நிற்கிறது. "காசு குடுத்துட்டேன்ல, அந்த ரெண்டு ஷாக்கையும் குடுத்துடுங்கண்ணே."

தரவில்லை. வீட்டு மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது, ஸ்டிக்கர் பாதி உரிந்தபடி.