பாட்டுப் பெட்டிக்குள் கே.பி.எஸ். (நாலு மாத அனுபவம்)

மண்டபம் ஊரில் எங்களுக்குக் கருவாட்டு வியாபாரம். காரல் மீனைப் பரப்பிவிட்டுக் காக்காய் விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்குத் துணையாக இருக்கட்டுமே என்று, ராமநாதபுரத்தில் ஒரு கடையில் இந்தப் பாட்டுப் பெட்டியை 1,900 ரூபாய்க்கு வாங்கினேன். ரெண்டாயிரம் பழைய பாட்டு உள்ளேயே இருக்கிறதாம். அம்மா கேட்டது ஒன்றுதான்: “கே.பி. சுந்தராம்பா இருக்காங்களா?”

இருந்தார், பதினோரு பாட்டில். எட்டு ஔவையார் வேடத்துப் பாட்டு. அதிலும் ‘பழம் நீயப்பா’ மூன்று தடவை! 1935இல் ஆண் வேடம் கட்டி நந்தனாராக நடிக்க ஒரு லட்சம் வாங்கிய கொடுமுடிக்காரர் அவர். கணவர் கிட்டப்பாவோடு நாடக மேடையைக் கலக்கிய காலத்து இசைத்தட்டுப் பாட்டு ஒன்றுகூட இதில் இல்லை. 1933இல் கிட்டப்பா போனதும் வெள்ளைச் சேலைக்கு மாறினாரே, அதற்கு முந்தைய சுந்தராம்பாளைக் காணவே காணோம். பாட்டு ஏற்றியவர்களுக்கு அவர் பிறந்ததே ஔவைக் கிழவியாகத்தான் போலிருக்கிறது.

சத்தம்? மற்றவர்கள் பாட்டுக்குப் பரவாயில்லை. இவர் குரல் மேலே ஏறினால் மட்டும் ஸ்பீக்கர் தகரம்போல் அதிர்கிறது. “மைக் இல்லாமக் கடைசி வரிசைக்கும் கேக்கப் பாடுனவங்கடி, இந்த டப்பாக்குள்ள அடங்குவாங்களா?” என்றார் அம்மா. அப்புறம் அவரே கருப்பட்டி வந்த ஓலைப்பெட்டியை எடுத்து, அதற்குள் இதை இறக்கி வைத்தார். அதிர்வு பாதி குறைந்துவிட்டது. ஐந்நூறு ரூபாய் கூடக் கொடுத்து வாங்கும் பெட்டியிலும் இந்த வசதி கிடையாது!

சார்ஜ் ஆறு மணி நேரம் என்றார்கள், நாலுதான் நிற்கிறது. உச்சி வெயிலுக்குள் அம்மா எழுந்துவிடுவதால் போதும். உப்புக்காற்றில் இரண்டாம் மாதமே சார்ஜ் குத்தும் இடம் பச்சை பூத்துவிட்டது. கடைக்காரர், “கடக்காத்துக்கு வாரண்டி இல்லம்மா” என்று சொல்லிவிட்டார். இப்போது துணி சுற்றித்தான் வைக்கிறோம்.

அதே கடையில் 150 ரூபாய்க்கு ஒரு மெமரி கார்டில் பழைய இசைத்தட்டுப் பாட்டுகளாக ஏற்றி வாங்கினேன். கரகரவென்றுதான் இருக்கிறது. ஆனால் அது ஓடும்போது அம்மா காக்காயைக்கூட விரட்டுவதில்லை, போன வாரம் அரைக்கூடை காரல் போயிற்று.

கே.பி.எஸ்ஸுக்காக வாங்குகிறவர்கள், கார்டு போட இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஐந்துக்கு மூன்று.