பழைய தேக்கு என்று கன்யின் மரத்தைத் தலையில் கட்டுகிறார்கள்

ரங்கூனில் பழைய வீட்டு மரத்தில் மேசை, கட்டில் செய்யக் கொடுப்பவர்கள் முன்பணம் நீட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். "மௌல்மேன் வீடு பிரித்த தேக்கு" என்று சொல்லி ஒரு பட்டறை 6 அடிக்கு 3 அடி சாப்பாட்டு மேசை செய்து தந்தது. மேல்பலகை தேக்குதான், அதில் பொய்யில்லை. காலும் சட்டமும் கன்யின், பர்மாவில் கிடைக்கும் தேக்கைவிட மலிவான வேறு மரம். சாயம் ஏற்றி மறைத்திருக்கிறார்கள்.

திஞ்ஜான் (ஏப்ரலில் வரும் பர்மியப் புத்தாண்டு) வெயிலில் காலில் பாலிஷ் பிசுபிசுத்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. சூடேறினால் கன்யினில் பிசின் கசியும்; தேக்கில் அந்தத் தொல்லை கிடையாது. மேசையைக் கவிழ்த்து, சட்டத்தின் அறுத்த முனையை உப்புத்தாளால் தேய்த்துப் பாருங்கள். தேக்கானால் வளையத்துக்கு வளையம் பெரிய துளைகள் வரிசை கட்டி நிற்கும். கன்யினில் வளையமே தெளிவாக இராது, துளைகள் எங்கும் சிதறிக் கிடக்கும். லேசாகச் சீவினால் தேக்கில் பதனிட்ட தோல் வாசனை வரும், விரலில் எண்ணெய்ப்பசை ஒட்டும்.

பழைய மரத்துக்கு அடையாளம் என்று காட்டும் ஆணித்துளையையும் அப்படியே நம்பாதீர்கள். பழைய இரும்பாணி இருந்த இடத்தைச் சுற்றி மரம் கறுத்து, கறுப்பு உள்ளேயும் இறங்கியிருக்கும். இந்தக் கால்களில் இருப்பது டிரில் போட்ட துளை: விளிம்பு சுத்தம், உள்ளே வெளுப்பு. இந்த உழைப்பை மூட்டில் காட்டியிருக்கலாம். மேல்பலகையைச் சட்டத்தோடு நேராக ஸ்க்ரூ போட்டு இறுக்கிவிட்டார்கள். மழைக்காலத்தில் ஊதி, தை மாசியில் சுருங்கும் 3 அடி அகலப் பலகைக்கு அசைய இடம் வேண்டும். ஸ்க்ரூ துளையைக் குறுக்குவாட்டில் நீளமாக வெட்ட வேண்டும். வெட்டவில்லை, இணைப்பு விட்டுப் பலகை பிளந்துவிட்டது.

அளவிலும் கண் வையுங்கள். 8 அங்குலச் சதுர உத்தரம் 12 அடி நீளம் என்றால் 5.33 கன அடி. உளுத்த முனை பக்கத்துக்கு ஓரடி தள்ளி, நான்கு முகத்திலும் அரை அங்குலம் சீவினால் மிஞ்சுவது 3.40. பட்டறை முழுசுக்கும் பணம் வாங்குவது தப்பில்லை, கழிவு யார் கணக்கு என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

கேட்டதற்கு "காலும் பழைய மரம்தானே" என்கிறார்கள். ரசீதில் "பழைய மரம்" என்று மட்டும்தான் இருக்கிறது. ஆகவே மேல்பலகை, கால், சட்டம் என ஒவ்வொன்றுக்கும் மரத்தின் பெயரைத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். பாலிஷ் ஏறும் முன் பட்டறைக்கே போய் அறுத்த முனைகளைப் பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.